'தொழில்நுட்பமும் நேர்த்தி' என்ற ஒற்றை வரி

சிற்றிதழ்களில் வரும் திரைவிமர்சனங்களை வலையபட்டியில் இருந்துகொண்டு விடாமல் வாசித்து வருகிறோம். கதை, வசனம், இயக்குநரின் அரசியல் யாவும் அலசப்படும். படத்தொகுப்பும் ஒலியும் நிறமும் கடைசிப் பத்தியில், 'தொழில்நுட்பமும் நேர்த்தி' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும். இந்தச் சோம்பலை இன்னும் எத்தனை காலம் பொறுப்பது?

எங்கள் காரைக்குடிக்காரர் ஏ.வி.மெய்யப்பனையே எடுத்துக்கொள்வோம். 1938இல் 'நந்தகுமார்' படத்தில் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்று பிரித்தார். 1944இல் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேச வைத்தார். 1945இன் 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி ருக்மணியின் பாட்டு அவருக்கு நிறைவளிக்கவில்லை, பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து ஒலியை மாற்றினார். கேமரா ஓய்ந்த பிறகே அந்த வள்ளிக்குக் குரல் அமைந்தது. இதுவா கடைசிப் பத்திச் சமாசாரம்?

'பராசக்தி' (1952) என்றதும் கலைஞரின் வசனம் நினைவுக்கு வரும், வரட்டும். அதைத் தொகுத்தவர், இரட்டை இயக்குநர்களில் ஒருவரான பஞ்சு. பெயரை 'பஞ்சாபி' என்று போட்டுக்கொண்டார். நீதிமன்றத்தில் பேசுபவர் முகத்தைவிட்டுக் கேட்பவர் முகத்துக்கு எந்தச் சொல்லில் தாவுவது என்பது பேனாவின் முடிவன்று, கத்தரியின் முடிவு. வசனத்தை மனப்பாடமாய் ஒப்பிக்கும் நம் விமர்சகர்களுக்கு அந்தத் தாவல்களில் ஒன்றேனும் நினைவிருக்குமா?

எங்கள் பக்கத்து வீடுகளின் சுவர், சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து மெழுகிய வெண்மை. திரையில் பலமுறை அது மஞ்சள் பூத்து வருகிறது. அந்த நிறத்தை ஏற்றியது யார், எதற்காக? அடுத்த விமர்சனத்தை அங்கிருந்து தொடங்குங்கள், வாசிக்கிறோம்.