உங்கள் புலப்படத்தில் மேடு பள்ளம் இல்லை: நில மட்டம் காட்டும் வரைபடம் நமக்கு எதற்கு?

கடையநல்லூர் வட்டாரத்தில் மேற்கே மலை, கிழக்கே மானாவாரி. மலைத் தண்ணீர் கருப்பாநதியிலும் ஓடைகளிலும் இறங்கி, ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குளத்துக்கு வரும். இதைத் தீர்மானிப்பது நில மட்டம். ஆனால் உங்கள் கையில் உள்ள புலப்படத்தில் எல்லையும் நீள அளவும்தான் இருக்கும். மட்டம் இருக்காது.

மட்டம் காட்டும் 1:50,000 அளவு வரைபடத்தை இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். வளைந்து ஓடும் பழுப்புக் கோடுகள் சமஉயரக் கோடுகள். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு அதிகம், மண் அரிப்பும் அதிகம். விலகியிருந்தால் தண்ணீர் நின்று இறங்க வாய்ப்புண்டு. கோடு மலைப்பக்கம் கூராக மடங்கினால் அது ஓடைப் பள்ளம்.

குடை பிடித்து மழையில் ஓடை நெடுக நடந்தவருக்கு இதெல்லாம் தெரியும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் வரத்துக்கால் தகராறு தாலுகா அலுவலகத்துக்குப் போனால் அங்கே கேட்பது காகிதம்.

சிக்கல் ஒன்று உண்டு. இந்த வரைபடத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பொதுவாக 20 மீட்டர் உயர வித்தியாசம். மலைக்கு அது போதும். குளத்துப் பக்கம் போதாது. வரத்துக்காலில் ஒரு அடி மேடு தட்டினாலே தண்ணீர் நின்றுவிடும். நீர்ப்பிடிப்பு எங்கே என்று பார்க்க இது உதவும், பண்ணைக்குட்டை வெட்ட உதவாது.

2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய புவிசார் கொள்கை, 2030-க்குள் சமவெளிக்கு 25 சென்டிமீட்டர், மலைக்கு 1 முதல் 3 மீட்டர் துல்லியத்தில் நாடு முழுவதற்கும் உயர அளவு தயாராகும் என்கிறது. வந்தால் நல்லது. ஆனால் அது பஞ்சாயத்து அலுவலகச் சுவர் வரை வராவிட்டால் நமக்குப் பயனில்லை. கிராம சபையில் இப்போதே கேட்டு வையுங்கள். தடுப்பணைக்கும் குட்டைக்கும் இடம் குறிக்கும்போது, எடுத்த மட்ட அளவைக் காட்டச் சொல்லுங்கள்.

அதுவரை கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, மறுகால் மேல்மட்டத்தை முதல் அளவாக வைத்து, 20 அடிக்கு ஒரு முளை அடித்து வரத்துக்கால் நெடுக அளந்து, தேதியோடு நோட்டில் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.