சாமிக்கு நாசா சர்டிஃபிகேட் எதுக்கு?

திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் எல்லாம் மூன்று விநாடி நின்றுவிட்டுத்தான் போகின்றனவாம், அதைப் பார்த்து நாசாவே ஆடிப்போய்விட்டதாம். இந்தச் செய்தி வராத குடும்ப வாட்ஸ்அப் குரூப் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். இதற்கு ஒரு அண்ணனும் உண்டு: கம்ப்யூட்டருக்கு ஏற்ற ஒரே மொழி சமஸ்கிருதம்தான் என்று நாசா சொல்லிவிட்டதாம். நம்ம சாமி விஷயத்தில் நாசாவுக்கு அப்படி என்ன அக்கறையோ தெரியவில்லை.

எனக்குச் சோறு போடுவது கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமை முடிந்தால் கோயிலுக்கும் போகிறவன். இரண்டும் ஒரே தலைக்குள் இருப்பதால் இந்த மாதம் இதைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது.

முதலில், இதை அனுப்புகிறவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இது நன்றாகப் புரியும். பள்ளிக்கூடத்தில், "உங்க சாமிக்கு ஏன் யானைத் தலை?" என்று எவனாவது கேட்டபோது, உங்கள் கையில் ஒரு பதிலும் இருந்திருக்காது. அப்பா அம்மாவைக் கேட்டால், "அது அப்படித்தான், சும்மா கும்பிடு." அந்த இடத்தில் நாசா ஒரு நல்ல கேடயம். வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டுவிட்டான், இனி எவன் கேட்பான்?

சிக்கல் அடுத்த தலைமுறையில் வருகிறது. என் அக்கா மகளுக்கு 13 வயது. தாத்தா, அதாவது என் அப்பா, திருச்சியிலிருந்து அனுப்பிய திருநள்ளாறு செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "மாமா, சாட்டிலைட் நின்னா கீழ விழுந்துடாதா?"

விழத்தான் செய்யும். தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் தாங்குகிறது. மூன்று விநாடியில் அது 20 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும், கண்டுபிடித்தும்விட்டாள். எனக்குத் திக்கென்று இருந்தது அவளுடைய அடுத்த கேள்விதான்: "அப்போ தாத்தா சொல்ற மத்ததெல்லாமும் இப்படித்தானா?"

அந்த ஒரு செய்திக்காகத் தாத்தாவின் மொத்த வார்த்தையையும் அடகு வைத்துவிடுகிறோம் பாருங்க. பொய் உடையும்போது அதோடு சேர்ந்து தேவாரமும் போகும், தைப்பூசமும் போகும்.

சமஸ்கிருத விஷயத்தில் ஒரு பொட்டு உண்மை உண்டு. 1985ல் ரிக் பிரிக்ஸ் என்பவர் ‘ஏஐ மேகசின்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் இருந்த ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பழைய சமஸ்கிருத இலக்கணக்காரர்கள் ஒரு வாக்கியத்தைக் குழப்பமில்லாமல் பிரித்த முறைக்கும், கம்ப்யூட்டருக்காக அன்றைக்கு ஆய்வாளர்கள் பொருளைப் பிரித்துக் காட்டிய முறைக்கும் ஒற்றுமை இருக்கிறது என்றார். அவ்வளவுதான். இன்றுவரை எந்தச் செயற்கைக்கோளும் சமஸ்கிருதத்தில் ஓடவில்லை.

ஆனால் உண்மைக் கதையே போதுமான அளவு பிரமாதமாக இருக்கிறது. பாணினி சுமார் 4,000 சூத்திரங்களில் ஒரு மொழியின் இலக்கணத்தையே விதிகளாக அடுக்கியவர். எந்த விதி எந்த விதியை மீறும் என்பதற்கும் அவரிடம் விதி உண்டு. புரோகிராமிங் மொழிகளின் இலக்கணத்தை எழுத நாங்கள் பயன்படுத்தும் பேக்கஸ் வடிவத்துக்குப் ‘பாணினி-பேக்கஸ் வடிவம்’ என்று பெயர் வைக்கலாமே என்று 1967ல் ஒருவர் கம்ப்யூட்டர் இதழுக்குக் கடிதமே எழுதினார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூகுளில் தேடிப் பார்த்தாலும் உடையாது.

இதைச் சொல்கிற கம்ப்யூட்டர்காரர்கள் எல்லாம் பகுத்தறிவுச் சிங்கங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்குள் சைவ வைணவச் சண்டையை மிஞ்சும் சண்டைகள் உண்டு. கோட் எழுத ‘விஐ’ நல்லதா, ‘ஈமேக்ஸ்’ நல்லதா என்ற வழக்கு எத்தனையோ வருஷமாக நடக்கிறது. ஈமேக்ஸை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கி மாட்டிக்கொண்டு, பழைய கம்ப்யூட்டர் டிஸ்க் ஒன்றைத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாக வைத்து, ‘ஈமேக்ஸ் திருச்சபை’யின் புனிதராக மேடையில் ஆசீர்வாதம் செய்வார். கேலிக்குத்தான். ஆனால் கைதட்டுகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது கேலி இல்லை. வரியை உள்ளே தள்ளி எழுத டேப் போடுவதா ஸ்பேஸ் போடுவதா என்று அரைமணி நேரம் நடந்த மீட்டிங்கில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த விஐ பக்தரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன்யா இதையே கட்டிக்கிட்டு அழறே?" என்று கேட்டுப் பாருங்கள். "இதுலதான் கத்துக்கிட்டேன், கை பழகிடுச்சு, இது இல்லாம எனக்கு ஓடாது" என்பார். எனக்கு ரொம்பப் பிடித்த பதில் இது. நேர்மையான பதில். நெற்றியில் ஏன் விபூதி என்று பிள்ளை கேட்டால், அது தலையில் இருக்கும் நீரை உறிஞ்சுகிறது, நரம்பைத் தூண்டுகிறது என்றெல்லாம் கதை கட்டுவதைவிட, "எங்க அம்மா பூசிவிட்டாங்க, பூசினா மனசுக்கு ஒரு தெம்பு" என்று சொல்லலாம். அந்தப் பதிலை எந்தக் கூகுளும் பொய்யாக்க முடியாது.

நம்பிக்கையும் கணக்கும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருந்ததற்கு எங்கள் தொழிலிலேயே பெரிய உதாரணம் டொனால்ட் நூத். அல்காரிதம் பற்றிய அவருடைய புத்தகங்கள் எங்களுக்கு வேதம் மாதிரி. அதில் தப்பு கண்டுபிடித்துச் சொன்னால் 2008 வரை 2.56 டாலருக்குச் செக் அனுப்பிவந்தார். 256 சென்ட், அதாவது ஹெக்ஸாடெசிமல் கணக்கில் ஒரு டாலர்! இதே மனிதர் லூத்தரன் கிறிஸ்தவர். பைபிளைப் படிக்க வேண்டும் என்று தோன்றியபோது, பிடித்த வசனங்களை மட்டும் பொறுக்கவில்லை. ஒவ்வொரு நூலிலும் மூன்றாம் அதிகாரம் 16வது வசனம் என்று ஒரு விதி வைத்து, வந்ததை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, ‘3:16’ என்று ஒரு புத்தகமே போட்டார். 1999ல் எம்ஐடியில் கம்ப்யூட்டரையும் கடவுள் நம்பிக்கையையும் பற்றித் தொடராகப் பேசினார். பைபிள் உண்மை என்று கம்ப்யூட்டரை வைத்து நிரூபிக்க மட்டும் அவர் கிளம்பவே இல்லை.

நம்ம ராமானுஜன் இன்னும் கிட்டத்தில் இருக்கிறார். கணக்கெல்லாம் நாமகிரித் தாயார் கொடுத்தது என்று நண்பர்களிடம் சொல்லுவாராம். 1913ல் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் உலகத்தை அசத்திய சூத்திரங்களும் இருந்தன, பகா எண்களைப் பற்றித் தவறாகிப்போனவையும் இருந்தன. ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். தாயார் கொடுத்ததா என்று அவர் ஆராயவில்லை, நிரூபணம் எங்கே என்றுதான் கேட்டார். எங்கிருந்து வந்தது என்பது ராமானுஜனுக்கும் தாயாருக்கும் உள்ள சமாச்சாரம். சரியா தப்பா என்பது எல்லோருக்கும் பொது. இந்த இரண்டு கேள்வியையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, தாத்தாவிடம் என்ன சொல்வது? குரூப்பில் எல்லோர் முன்னாலும் ‘ஃபேக்’ என்று லிங்க் போடாதீர்கள். அவர் காலையில் எழுந்து கண்ணாடி மாட்டி நமக்காகத் தேடி அனுப்பியது அது. தனியாகப் போன் செய்து பேசுங்கள், கையோடு அதைவிட நல்ல கதை ஒன்றைக் கொடுங்கள். நான் அப்பாவுக்குக் கொடுத்தது இது.

1825ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி நம் நாட்டுக் காலக்கணக்குகளைப் பற்றி ‘கால சங்கலித’ என்று ஒரு புத்தகம் போட்டார். அதற்காகப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பிடித்து, அந்த வருஷம் மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் பேனா பேப்பர் எடுக்கவில்லை. தரையில் சோழிகளை வைத்து, நகர்த்தி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே கணக்கை முடித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம் வித்தியாசம்.

அந்த வாக்கியங்கள்தான் விஷயம். நிலா பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வர ஏறக்குறைய 27 அரை நாள் ஆகிறது. 248 நாளில் இது கிட்டத்தட்ட சரியாக 9 தடவை நடக்கிறது. ஆக 248 நாளுக்கு 248 வாக்கியம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண், வாக்கியத்தைச் சொன்னால் நிலா இருக்கும் இடம் வந்துவிடும். எங்கள் பாஷையில் இதற்கு லுக்-அப் டேபிள் என்று பெயர். சோழிதான் மெமரி. அப்பா கதையைக் கேட்டுவிட்டு அன்றைக்கே நாலு குரூப்புக்கு அனுப்பினார். தலைப்பில் மட்டும் ‘நாசாவே வியந்தது’ என்று சேர்த்துவிட்டார். என்ன செய்ய, போகப் போகச் சரியாகும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்ததே அந்த 52 நிமிஷம்தான். வித்தியாசத்தை அளக்க முடிகிறது என்றால் அது நிஜமான கணக்கு. அந்த வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 2023ல் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17. திருநள்ளாற்றில் வாக்கியப்படி டிசம்பர் 20. ஒரே சனி, 11 மாத வித்தியாசம். சனி இப்போது வானத்தில் எங்கே இருக்கிறது என்பதைத் திருக்கணிதத்தில் பாருங்கள், விழா எப்போது என்பதைக் கோயிலில் கேளுங்கள். முப்பது வருஷப் பழைய சாஃப்ட்வேரைக் கட்டி மேய்த்தவர்களுக்குத் தெரியும், ஊரே நம்பி ஓடுகிற ஒன்றை யாரும் லேசில் மாற்றிவிட மாட்டார்கள்.

கடைசியாக, பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒன்று. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் மளிகைக்கடை காலண்டரில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9.00 என்று இருக்கும். சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. பகலை எட்டாகப் பிரித்தால் திங்களுக்கு இரண்டாவது பங்கு. நான் இருக்கும் லண்டனில் ஜூன் 21 வாக்கில் உதயம் சுமார் 4.43, மறைவு இரவு 9.21. ஒரு பங்கே இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது, ராகு காலம் ஏறக்குறைய 6.48 முதல் 8.52 வரை. டிசம்பர் 21 வாக்கில் ஒரு பங்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, ஒன்பதுக்குத் தொடங்கிப் பத்துக்கு முடிந்துவிடும். சிங்கப்பூரில் பகல் 12 மணி நேரம்தான், ஆனால் உதயமே ஏழு மணி வாக்கில். ஆக அங்கேயும் காலண்டர் ஒரு மணி நேரம் தப்பு. பைத்தானில் பத்து வரி போதும், உங்கள் ஊருக்கு நீங்களே போட்டுவிடலாம்.

போட்டு முடித்ததும் பிள்ளை கேட்கும்: "அந்த நேரத்துல நிஜமாவே கெட்டது நடக்குமா?" அதற்குப் பத்து வரி கோட் பதில் சொல்லாது. உங்களுக்கு மனசில் பட்டதைச் சொல்லுங்கள். நான் சொல்வது இதுதான்: "எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தாத்தாவுக்கு இருக்கு. அவர் போன்ல சொன்னா, பத்து நிமிஷம் கழிச்சு வண்டியை எடுப்பேன். அது ராகுவுக்காக இல்ல, தாத்தாவுக்காக." இதில் நாசாவுக்கு ஒரு வேலையும் இல்லை. அடுத்த மாதம் சந்திப்போம்.