முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு: இறுக்கிக் கட்டினால் என்ன ஆபத்து?

திருச்சிக்காரர்களுக்குப் புத்தூர் என்றால் அரசு மருத்துவமனை. ஆனால் எலும்பு முறிந்தால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஆந்திராவின் புத்தூர் கட்டுதான். டிபியா எலும்பின் மேல்பகுதி முறிந்தால் இறுக்கமான கட்டு காலுக்கே ஆபத்தாகலாம்.

ஏன் அப்படி?
பைக் விபத்தில் இந்த எலும்பு உடைந்தால் உள்ளே ரத்தம் கசிந்து கால் வீங்கும். அப்போது இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கூடி, ரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்தில் தசை செத்துவிடலாம்.

ஆபரேஷனை ஏன் தள்ளிப் போடுறாங்க?
வீக்கம் வடியுமுன் தோலைத் திறந்தால் புண் ஆறாமல் கிருமி தொற்றலாம். அதனால்தான் சிலருக்கு வெளியே கம்பி பொருத்தி, சிடி ஸ்கேன் எடுத்து, சில நாள் கழித்து பிளேட் வைக்கிறார்கள். எலும்பு விலகாவிட்டால் ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம்.

என்ன செய்யணும்?
ஸ்ரீரங்கத்தில் விழுந்தாலும் சரி, பாலம் தாண்டி திருச்சியில் விழுந்தாலும் சரி, 108-ஐ அழையுங்கள். காலை அசைக்காமல், அட்டை வைத்துத் தளர்வாகத் தாங்குங்கள். விரல் மரத்துப்போனாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு நிர்ணயித்த வரம்பு வரை இலவசம்.