நோக்கம் உள்ளே ஒளிந்திருக்கவில்லை

'உன் வாழ்க்கையின் நோக்கம் உனக்குள்ளேதான் இருக்கிறது, தேடிக் கண்டுபிடி' என்று கல்லூரி மேடைகளில் சொல்கிறார்கள், யூடியூபில் சொல்கிறார்கள். கேட்கும் பிள்ளைகள் தேடுகிறார்கள். கிடைக்காதபோது குறை தங்களிடம்தான் என்று நம்பி உடைந்துபோகிறார்கள். இந்த உபதேசம் பொய் என்கிறேன். நோக்கம் ஒருவர் தனியே தோண்டி எடுக்கும் பொருளே அல்ல. மண்ணும் நீரும் மனிதர்களும் சேர்ந்து ஒருவருக்குத் தருவது அது.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று மோசமான இடம் வாய்த்தவருக்கு நல்ல இடம் வேறொரு நாள் வரும். வலிமையுள்ளவன் முந்திக்கொள்ள முடியாது. தன் முறையில் இறங்கவும், அடுத்தவர் முறையில் ஒதுங்கி நிற்கவும் அங்கே ஒருவர் பொறுப்பேற்கிறார். தான் எதற்காக இருக்கிறோம் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

பாடு முறையை நான் புனிதப்படுத்தவில்லை. அது சாதி பார்க்கும். பெண்களுக்கு அதில் பங்கில்லை. கழுத்தளவு தண்ணீரில், ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் இல்லை. அந்த அநீதியைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

'அப்படியானால் மீனவர் பிள்ளை மீன்தான் பிடிக்க வேண்டுமா?' என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தைத் தமிழகம் எதிர்த்து வீழ்த்தியது சரி. மீனவர் வீட்டுப் பெண் மருத்துவராகட்டும், கப்பல் தலைவராகட்டும். தொழில் மாறலாம். யாருக்குப் பொறுப்பாக இருக்கிறோம் என்பது இல்லாமல் போனால்தான் நோக்கம் போகிறது. வாழ்க்கையின் நோக்கத்தைப் பற்றிய 'இக்கிகய்' என்ற புத்தகத்தை வாங்கிப் படிக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அதில் வரும், ஜப்பானின் ஒகினாவாவிலுள்ள ஒகிமி கிராமத்து முதியவர்கள் நோக்கத்தைத் தனியே தேடிக்கொண்டிருக்கவில்லை. தோட்டம் போடுகிறார்கள், அண்டை வீட்டாரோடு 'மோவாய்' என்ற குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள்.

நோக்கம் உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கை மனதை மட்டும் கெடுப்பதில்லை, ஊரையும் அழிக்கிறது. நோக்கம் ஆளுக்குள் இருக்கிறதென்றால் அவரை எங்கே தூக்கிவைத்தாலும் ஒன்றுதானே! அப்படித்தான் துறைமுகத்துக்காகப் பழவேற்காட்டை அடுத்த காட்டுப்பள்ளிக் குப்பத்தைக் கடற்கரையிலிருந்து பெயர்த்தார்கள். வேலை தருவதாக வாக்களித்தார்கள். ஆண்டுகள் பல கழிந்தும், அந்தக் குப்பத்து ஆண்கள் ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்கக் கோரிப் போராட வேண்டியிருந்தது. கடலில் அவர்களை யாரும் ஒப்பந்தத்தில் வைத்திருக்கவில்லை.

2018-இல் அந்தத் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. ஆண்டுக்குச் சுமார் 2.46 கோடி டன் சரக்கு கையாளும் திறனை 32 கோடி டன்னாக உயர்த்த, 6,000 ஏக்கருக்கும் மேல் விரிக்கும் திட்டம் வந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல்திட்டு அரித்துப்போகும், முகத்துவாரம் கெடும் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். முகத்துவாரம் கெட்டால் இறால் வரத்துக் குறையும், பாடு பிரிக்க ஒன்றும் மிஞ்சாது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எதிர்ப்பு கிளம்பியதும் நடக்கவில்லை. அந்த எதிர்ப்பை வளர்ச்சி புரியாதவர்களின் பிடிவாதம் என்று பேசுவது அவமதிப்பு. தாங்கள் எதற்காக வாழ்கிறோம் என்பதை நம்மில் பலரைவிடத் தெளிவாக அறிந்தவர்கள் அவர்கள்.

நஷ்டஈட்டுப் பணமும் வேலை உத்தரவும் அந்த நோக்கத்துக்கு ஈடாகாது. இந்த விரிவாக்கத்துக்கு அரசு அனுமதி தரவே கூடாது.