முகக்கவசம் போலீசுக்கா? வாடிக்கையாளருக்கா?

 

மோகனூர் கடைவீதியில் ஆகட்டும், நாமக்கல், பரமத்தி வேலூர், சேலம் கடைவீதிகளில் ஆகட்டும், 2020லும் 2021லும் ஒரு வாசகம் தொங்காத கடை இல்லை. முகக்கவசம் அணியாதவர்களுக்குப் பொருள் வழங்கப்படாது என்ற வாசகம்தான் அது. வாசகம் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே கல்லாவில் உட்கார்ந்திருந்தவரின் முகக்கவசம் எங்கே இருந்தது? தாடையில்! சிலருக்குக் கழுத்தில். இன்னும் சிலருக்குச் சட்டைப் பையில். அறிவிப்பு வாடிக்கையாளருக்கு, விதிவிலக்கு முதலாளிக்கு!

"கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?" என்று கேட்பீர்கள். உண்மைதான். உலக சுகாதார அமைப்பு 2023 மே 5ஆம் தேதி அவசர நிலையை விலக்கிக் கொண்டது. ஆனால் வியாபாரி எப்போது கணக்குப் பார்ப்பான்? கூட்டம் அலைமோதும் நேரத்தில் பார்க்க மாட்டான். கடையைச் சாத்திய பிறகுதான் பார்ப்பான். அந்தக் கணக்கைத்தான் நாமும் இப்போது பார்க்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் 2018 முதல் நிபா திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. 2021 ஜனவரியில் அங்கே பறவைக் காய்ச்சல் வந்தபோது முட்டை லாரிகளை நம்பி வாழும் நாமக்கல் வட்டாரம் பதறியது. அடுத்த கொள்ளைநோய் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வராது. அது வரும் நாளில் நம் கடைகளில் என்ன நடக்கும்? இதுதான் கேள்வி!

ஜீப் வந்தால் மூக்கு மறையும்!

2020 செப்டம்பரில் தமிழக அரசு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அபராதங்களை அறிவித்தது. முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய். விதிமீறும் வணிக நிறுவனங்களுக்கு 5,000 ரூபாய். 2022 ஜனவரியில் 200 ரூபாய் 500 ரூபாய் ஆனது. விளைவு என்ன? முகக்கவசம் ஹெல்மெட் ஆகிவிட்டது! தெருமுனையில் ஜீப் தெரிந்தால் மூக்கு மறையும். ஜீப் போய்விட்டால் மூக்கு வெளியே வரும். ஏதோ கிருமி போலீஸ் ஜீப்பில் ஏறி வருவதைப் போல!

முகக்கவசம் எதற்கு என்பதே பலருக்குப் புரியவில்லை. பேசும்போதும் இருமும்போதும் நம் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நுண்துளிகள் வெளியேறுகின்றன. மிக நுண்ணியவை கீழே விழாமல், காற்றோட்டம் இல்லாத அறையில் நெடுநேரம் மிதக்கின்றன. முகக்கவசம் அணிந்தவரையும் ஓரளவு காக்கிறது. அவரிடமிருந்து எதிரே நிற்பவரையும் காக்கிறது. நோய்க்குறி எதுவும் தெரியாத ஒருவரும் கொரோனாவைப் பரப்ப முடியும் என்பதால்தான் எல்லோரும் அணிய வேண்டியதாயிற்று. வாயை மூடி மூக்கைத் திறந்து வைப்பது, வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

ஒரு வாடிக்கையாளர் உங்கள் மளிகைக் கடையில் ஐந்து நிமிடம் நிற்பார். நீங்களோ பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறீர்கள். நாளொன்றுக்கு நூறு பேர் வந்தால் அந்த நூறு பேரும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. ஆனால் நூறு பேரும் உங்களைச் சந்திக்கிறார்கள். ஊரிலேயே அதிகமாக நோய் வாங்கக்கூடிய இடமும், அதிகமாக நோய் கொடுக்கக்கூடிய இடமும் கல்லாதான். காவிரிக் கரையிலிருந்து வெற்றிலையும் கோரையும் கொண்டு வரும் விவசாயி, பேரனுக்கு மிட்டாய் வாங்க வரும் பாட்டி, கரும்பு வெட்டும் தொழிலாளி ஆகிய எல்லோரும் வந்து போகும் சந்திப்பு அது. அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் மூக்கை மூட வேண்டும்!

கடைக்கு ஏன் இரண்டு பூட்டு?

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக் கொள்வான். விதிப்படி நடக்கும்." நம் சகோதரர்கள் பலர் சொன்ன பதில் இது. தவக்குல் என்று இதற்குப் பெயரும் வைத்தார்கள்.

நாம் திருப்பிக் கேட்கிறோம். அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்றால் இரவில் கடை ஷட்டருக்கு ஏன் இரண்டு பூட்டு? கல்லாவுக்கு ஏன் சாவி? கடன் கொடுத்தால் ஏன் நோட்டில் எழுதுகிறீர்கள்? பணத்திற்குப் பூட்டு, அடுத்தவன் உயிருக்கு மட்டும் தவக்குலா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் அறிவுரை திர்மிதியில் இருக்கிறது. ஹிஜ்ரி 18ல் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அந்த நாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் செய்தி கேட்டுப் பாதி வழியில் திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. உமரின் ஈமானைவிட நம் ஈமான் கனமானதா?

பூண்டும் வெங்காயமும் பச்சையாகத் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வரக் கூடாது என்று தடுத்த மார்க்கம் இது. வாய் வாடை பக்கத்தில் நிற்பவரைத் துன்புறுத்தும் என்பதற்கே இவ்வளவு கண்டிப்பு! தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மறைத்த நபியின் உம்மத் நாம். வாடைக்கே இந்தச் சட்டம் என்றால், நுரையீரலைத் தின்னும் கிருமிக்கு என்ன சட்டம்? ஒரு துணியைக் கட்டுவதால் ஈமான் குறைந்துவிடும் என்று சொல்பவர் எந்தக் கிதாபில் படித்தார் என்று காட்டட்டும்!

பழி சுமந்த சமுதாயம்

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தப்லீக் ஜமாஅத்தினர் கூடியதை வைத்து இந்த நாட்டில் என்னவெல்லாம் நடந்தது என்பதை மறந்துவிட்டீர்களா? 'கொரோனா ஜிஹாத்' என்று பெயர் சூட்டினார்கள். பழத்தில் எச்சில் வைத்தார்கள் என்று பழைய வீடியோக்களைப் பரப்பினார்கள். வடமாநிலங்களில் தள்ளுவண்டி வியாபாரியிடம் பெயரைக் கேட்டுவிட்டு விரட்டினார்கள். கிருமிக்கே தொப்பி போட்டுவிட்ட புண்ணியவான்கள்!

உண்மை வெளிவந்தது. வெளிநாட்டு ஜமாஅத்தினர் 29 பேர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்ட் 21ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே நீதிபதிகள் கருதினார்கள். இந்தியர்கள் 70 பேர் மீதான 16 வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்ய 2025 ஜூலை வரை ஆனது. ஐந்து ஆண்டுகள்! அவதூறுக்கு முதல் பக்கம். தீர்ப்புக்கு ஒரு மூலை!

பிரான்சைப் பாருங்கள். பொது இடத்தில் முகத்தை மறைத்தால் 150 யூரோ வரை அபராதம் என்று 2010ல் சட்டம் போட்டார்கள். 2020 ஜூலை 20 முதல் கடைக்குள் முகத்தை மறைக்காவிட்டால் 135 யூரோ அபராதம் என்றார்கள். பழைய சட்டமும் அப்படியே இருந்தது! ஒரே கடை, ஒரே முகம். மறைத்தாலும் குற்றம், மறைக்காவிட்டாலும் குற்றம். அவர்களுக்கு முகத்தை மூடியது பிரச்சினையல்ல, மூடியவள் யார் என்பதுதான் பிரச்சினை என்பது அம்பலமானது.

சகோதரர்களே! இந்த அநியாயங்களை உலகறியப் பேசுவோம். பேச வேண்டும். ஆனால் அதைப் பேச நமக்கு வாய் வேண்டும் என்றால், முதலில் கடையில் அந்த வாயை மூடியிருக்க வேண்டும்! உங்கள் கடைக்கு வரும் மாற்றுமதத் தாய்க்கு ஔரங்காபாத் தீர்ப்பு தெரியாது. உங்கள் மூக்குதான் தெரியும். நம்மைப் பற்றி எந்த வதந்தியைக் கேட்டுவிட்டு அவர் படியேறினாலும், கல்லாவில் இருப்பவர் முறையாக முகத்தை மூடி, காசைத் தட்டில் வைத்து, "தள்ளி நில்லுங்கம்மா, உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றால், ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாத வேலையை அந்த ஒரு வார்த்தை செய்துவிடும். கொரோனாவில் இறந்தவர்களை உறவினரே தொட அஞ்சிய நேரத்தில், சாதி மதம் பாராமல் அடக்கம் செய்தும் தகனம் செய்தும் கொடுத்த முஸ்லிம் தொண்டர்கள் தமிழகமெங்கும் பெயர் வாங்கித் தந்தார்கள். அவர்கள் மயானத்தில் சம்பாதித்ததை நாம் கல்லாவில் தொலைக்கலாமா?

ஆட்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை

அரசின் மீது நமக்குக் கேள்வியே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சாதாரண வியாபாரியிடம் 200 ரூபாய்க்கு ரசீது கிழித்த அதே நாட்டில், 2021 ஏப்ரல் 6 தேர்தலுக்காகத் தலைவர்கள் கூட்டத்தைத் திரட்டினார்கள். மேடையிலும் கீழேயும் எத்தனை முகக்கவசம் இருந்தது? அந்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைக் கடுமையாகச் சாடியது. மே மாதம் தமிழகத்தின் ஒருநாள் பாதிப்பு 36 ஆயிரத்தைத் தாண்டியது. கட்டுப்பாட்டு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பிடித்துச் செல்லப்பட்ட வியாபாரிகள் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் பிணமாகத்தான் திரும்பினார்கள். சுகாதாரத்தை லத்தியால் கற்பிக்க முடியாது. லத்திக்குப் பயந்து மூடும் மூக்கு, லத்தி போனதும் திறக்கத்தான் செய்யும்.

ஆனால் "தலைவனே போடவில்லை, நான் ஏன் போட வேண்டும்?" என்பது வாதமா? அவன் எடைக்கல்லில் மோசடி செய்கிறான் என்பதற்காக நாமும் செய்வோமா? தமிழகத்தில் அரசுக் கணக்குப்படியே 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களின் பிள்ளைகளிடம் போய் அந்த வாதத்தைச் சொல்லுங்கள்!

"மாஸ்க்கால் பலனே இல்லையாமே!"

சில படித்தவர்கள் ஆய்வைக் காட்டுகிறார்கள். முகக்கவசம் அணியச் சொல்வதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று 2023ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு அது. முகக்கவசம் பயனற்றது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே விளக்கம் கொடுத்தாரே, அதை ஏன் மறைக்கிறீர்கள்? சோதனைகளில் பலர் சொன்னபடி அணியவே இல்லை. அணியாத மருந்துச் சீட்டு நோயைத் தீர்க்குமா?

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வங்கதேசத்துக் கிராமங்களைப் பாருங்கள். 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை சுமார் 600 கிராமங்களில், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோரிடம் சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் இலவச முகக்கவசம் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் அணிந்து காட்டினார்கள். இமாம்கள் பள்ளிவாசலில் எடுத்துச் சொன்னார்கள். கடைவீதியில் அணியாதவரை அன்பாக நினைவூட்டினார்கள். 13 சதவீதமாக இருந்த பழக்கம் 42 சதவீதம் ஆனது. அந்த அளவுக்கே, அறிகுறியோடு உறுதியான தொற்று சுமார் 9 சதவீதம் குறைந்தது. மருத்துவ முகக்கவசம் கொடுத்த ஊர்களில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது. லத்தி இல்லை, அபராதம் இல்லை. இமாமும் கடைவீதியும் சேர்ந்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அலட்சியம் படித்தவனையும் விடாது. 1910-11ல் மஞ்சூரியாவில் மூச்சுக்காற்றால் பரவும் பிளேக் சுமார் 60 ஆயிரம் பேரைக் கொன்றது. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, பஞ்சையும் வலைத்துணியையும் வைத்து முகக்கவசம் செய்து எல்லோரையும் அணியச் சொன்னார். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இந்த இளைஞரின் பேச்சை மதிக்கவில்லை. முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களிலேயே அதே பிளேக்கில் இறந்தார்.

இனி என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: அடுத்த முறை நோய் அறிவிக்கப்பட்டால் முதல் நாளே முதலாளியும் கடைப் பையன்களும் மூக்கும் வாயும் மூடும்படி அணிய வேண்டும். அதன் பிறகுதான் வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் பலகை.

இரண்டு: கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி முகக்கவசம் இருக்கட்டும். இல்லாமல் வருபவரை விரட்டாதீர்கள். ஒன்றை எடுத்துக் கொடுங்கள். மூச்சுத் திணறல் உள்ளவர்கள், சிறு குழந்தைகள் வந்தால் வாசலிலேயே பொருளைக் கொடுத்து அனுப்புங்கள்.

மூன்று: காய்ச்சல் வந்த ஊழியரைச் சம்பளம் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். சம்பளம் பிடித்தால் அவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வருவார். முகக்கவசம் மட்டும் அங்கே என்ன செய்யும்?

நான்கு: பதுக்காதீர்கள்! 2020 மார்ச்சில் விலை தாறுமாறாக ஏறியதால்தான் மத்திய அரசு முகக்கவசத்தை அத்தியாவசியப் பொருளாக்கி, மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உச்சவிலை வைத்தது. உயிருக்குப் போராடும் மக்களிடம் கொள்ளை லாபம் பார்த்த காசில் பரக்கத் இருக்குமா?

ஐந்து: நிகாப் அணியும் சகோதரிகளும் கவனிக்க வேண்டும். தொங்கும் துணி முகத்தோடு ஒட்டிய கவசம் ஆகாது. உள்ளே முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

ஆறு: ஜமாஅத் நிர்வாகிகளும் வணிகர் சங்கத்தாரும் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். ஜும்ஆ மேடையில் சொல்ல வேண்டியதை நோய் வந்த பிறகு தேடிக் கொண்டிருக்காதீர்கள். இளைஞர்களே, வங்கதேச இளைஞர்கள் கடைவீதியில் நின்று செய்ததை மோகனூர் கடைவீதியில் நின்று செய்ய நீங்கள் தயாரா?

அளவையில் ஒரு குன்றிமணி குறைந்தால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று நம்புகிற வியாபாரி நாம். நம்மை நம்பிக் கடைப்படி ஏறியவருக்கு நம் மூச்சிலிருந்து நோய் போனால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே அபராத ரசீது செல்லாது. "அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்று விட்டுவிட்டேன்" என்ற சாக்கும் செல்லாது. அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நீங்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியதையும் சேர்த்து!