நண்பகற் குறுநடை

நடையென்னும் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. காலால் நடப்பதும் நடை, ஒழுக்கமும் நடை, எழுதும் முறையும் நடை. பின்னிரண்டையும் பேணுவதிற் கருத்தூன்றிய கற்றோர் பலர் முன்னதை மறந்துவிட்டனர். இவ்வாரம் அதனைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கந்தோரிற் கடமையாற்றும் ஓர் இலிகிதரின் ஒருநாட் பொழுதை எண்ணிப் பாருங்கள். காலையிற் புகையிரதத்தில் இடங்கிடைத்தால் இருந்தே செல்கிறார். கந்தோரிற் கணினியின்முன் இருக்கிறார். மதியம் சோற்றுப் பொதியை அதே மேசையில் அவிழ்த்து உண்கிறார். எஞ்சிய நேரத்திற் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார், அன்றேல் மேசைமேல் தலைசாய்த்துக் கண்ணயர்கிறார். மாலையில் வீடு சேர்ந்து தொலைக்காட்சிமுன் மீண்டும் இருக்கிறார். அவர் உழைத்துக் களைத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் களைத்தவை கண்ணும் மனமுமேயன்றிக் கால்கள் அல்ல.

இவ்வாறு இருந்தே தொழில் செய்வதால் வருந் தீங்கைத் தெளிவுற எடுத்துக்காட்டியவர் ஜெரமி மொறிஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர். இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ்களில் வேலைசெய்தோரை ஆராய்ந்து, 1953 ஆம் ஆண்டில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். சாரதி கடமை நேரத்தின் பெரும்பகுதியை ஆசனத்திற் கழிப்பவர். நடத்துநரோ நாடோறும் அறுநூறு படிகள்வரை ஏறுபவர். ஒரே பஸ், ஒரே தெரு, ஒரே புகை. ஆயினும் மாரடைப்பு நடத்துநரைக் காட்டிலும் சாரதியரையே மிகுதியாகத் தாக்கியது. நடந்து கடிதம் வழங்கிய தபாற்காரருக்கும் மேசையிலிருந்த தபால் இலிகிதருக்கும் இடையிலும் இத்தகைய வேறுபாடே காணப்பட்டது. சாரதியர் பருத்தவராயிருந்தமையே காரணமோவென ஐயுற்று, 1956 இல் அவர்தம் சீருடை அளவுகளையும் மொறிஸ் ஆராய்ந்தார். அவர்களின் இடுப்பளவு பெரிதாயிருந்தது உண்மையே. எனினும் மெலிந்த சாரதியரும் நோய்க்குத் தப்பினாரல்லர் எனப் பின்னர்த் தெரியவந்தது.

இதனைப் பிறநாட்டுக் கதையென ஒதுக்கிவிடலாகாது. நம் வீடுகளில் உழைப்பவர் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். பிள்ளைகள் படித்து முடிக்குமுன் அவர் நோயில் வீழ்ந்தால், மருந்துச் செலவு ஒருபுறமும் படிப்புச் செலவு மறுபுறமுமாகக் குடும்பமே தளர்ந்துபோகும்.

நமது மதிய உணவோ சோறு. அதிலுள்ள மாச்சத்து சமித்துச் சீனியாகிக் குருதியிற் கலக்கிறது. அவ்வேளையிற் கால்களின் பெருந்தசைகள் அசைந்தால், அவை இன்சுலினின் துணையை முற்றாக எதிர்பாராமலே அச்சீனியை உள்வாங்கிச் செலவிடுகின்றன. நீரிழிவு மலிந்த இந்நாளில் உணவுக்குப் பிந்திய குறுநடை பயன்தருவது இதனாலேயே. உண்டபின் சிறிது நடத்தல் வேண்டுமென்றும், பகலுறக்கம் ஆகாதென்றும் நம் சித்த வைத்தியர் பண்டே விதித்துள்ளனர். உண்ட களைப்புத் தொண்டருக்கும் உண்டு என்பது மெய்தான். ஆனால் அக்களைப்பைக் குறுநடையாலும் போக்கலாம்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நண்பகலிற் பதினைந்து நிமிடம் நடப்பவர் ஐந்து வேலைநாளில் 75 நிமிடம் நடந்தவராகிறார், பாதிக்கடன் தீர்ந்தது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி வேண்டுமே என மலைக்கவும் வேண்டா. அத்தொகை 1965 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணுங் கருவியின் பெயராற் பரவியது. சராசரி 72 வயதுடைய மாதரை ஆராய்ந்து 2019 இல் வெளிவந்த ஆய்வொன்றில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடையே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்புக் குறைந்திருந்தது.

உச்சிவெயில் நம் நாட்டுக்குரிய இடர். கொழும்புக் கோட்டையில் யோர்க் வீதியின் கார்கில்ஸ் கட்டடத்தை ஒட்டிய கூரையுள்ள நடைபாதை நல்ல நிழல் தரும். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859 இல் அமைத்து முடித்த காலிமுகத்திடல் நடைபாதை மாலைக்கே ஏற்றது. கண்டியில் உள்ளோருக்கு வாவிக்கரை மரநிழல் உண்டு. முழுச்சுற்று மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்டதாதலின் ஒரு பகுதியே போதும். நிழல் கிடையாத ஊரிற் குடை பிடிக்கலாம். மழைநாளிற் கந்தோரின் நடைகூடமே போதும்.

கந்தோர் செல்லுந் தாய்மாருக்கு ஒரு சொல். விடியுமுன் எழுந்து சமைத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வரும் உங்களுக்கு, மதிய இடைவேளை ஒன்றே பிறர் பங்கு கேளாத பொழுது. அதனைக் கடைக்குச் செல்வதிலேயே கழித்துவிடாது, தோழியொருவருடன் பேசியவாறு நடவுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் உண்டவுடன் புத்தகத்திற் குனியாது, முற்றத்திற் சிறிது உலாவிய பின் அமர்வது நன்று.

நடை மெதுவாகவே தொடங்குக. வயிறு நிறைய உண்டவுடன் விரைந்து நடத்தல் ஆகாது. நெஞ்சுநோவோ மூச்சுத்திணறலோ தோன்றின், உடனே நின்று வைத்தியரை நாடுக. இன்சுலின் ஏற்றுவோர் முன்னரே வைத்தியரைக் கேட்டுக்கொள்க. நீரிழிவுள்ளோர் வெறுங்காலுடன் நடவாது, புண்படுத்தாத பாதணி அணிக.

நாளை திங்கட்கிழமை. உணவுப் பொதியுடன் ஒரு குடையையும் எடுத்துச் செல்லுங்கள். உண்டு கைகழுவியபின் மேசைக்குத் திரும்பாது வாயிலை நோக்கிச் செல்லுங்கள்.