விரல் மடங்கினால்தான் வீரமா?

சப்பாத்து வாங்குவதில் நம் வீடுகளில் ஒரே சட்டம்தான்: ஓர் அளவு பெரிதாக வாங்கு. ஆண்டிறுதி விடுமுறையில் பள்ளிச் சப்பாத்து வாங்கப் போனால், அம்மா குனிந்து முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். உள்ளே இடமிருந்தால்தான் அவருக்கு நிம்மதி. "வளர்ற பிள்ளை, அடுத்த வருஷமும் போடலாம்" என்று கடைக்காரரிடம் சொல்வார். சுவரேறும் கூடங்களில், அதாவது கிளைம்பிங் ஜிம்களில், இதற்கு நேர் எதிரான சட்டம். ஓர் அளவு சின்னதாக வாங்கு. துணிச்சல் இருந்தால் இரண்டளவு. விரல் மடங்க வேண்டும், வலிக்க வேண்டும், போகப் போகப் பழகிவிடும்.

புதிதாக ஏறுபவருக்கு இரண்டு சட்டமும் உதவாது. இதை எழுதக் காரணம், என் காலை நிகழ்ச்சிக்கு வந்த செய்திகள். தோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட பிறகு சுவரேற்றத்தைப் பற்றித் தெரியாதவர் குறைவு. கடைத்தொகுதியிலும் தொழிற்பேட்டைக் கட்டடங்களிலும் கூடங்கள் வந்துவிட்டன. காலாங் வேவ் கடைத்தொகுதிக்குச் சாப்பிடப் போனவர்கள்கூட அந்த உயரமான சுவரை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் அதைப் பற்றி வானொலியில் பேசியபோது, உயரம் பயமாக இருக்குமா, விழுந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் சப்பாத்தைப் பற்றித்தான்.

அவற்றுள் ஒன்று மனத்தில் நின்றது. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பி. கூட ஏறும் நண்பர்கள் சொன்னார்கள் என்று 240 வெள்ளிக்கு ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். முனை கழுகு மூக்குபோல் கீழே வளைந்தது. இரண்டு தடவை போட்டார். இப்போது அது வீவக வீட்டு வாசலில் சப்பாத்து அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. "அக்கா, வலிக்கத்தான் செய்யுமா, இல்லை இது எனக்கு ஒத்து வராதா?" என்று கேட்டிருந்தார். போன பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். நன்றாகத் தொடங்கிய ஒரு விளையாட்டை, கால் வலித்ததால் தனக்கு ஆகாது என்று அவர் முடிவுகட்டப் பார்க்கிறாரே, அதுதான் எனக்கு உறுத்தியது.

முதலில், இந்தச் சப்பாத்து எதற்கு என்று பார்ப்போம். சுவரில் கால் வைக்கக் கிடைப்பது சில இடங்களில் புளியங்கொட்டை அளவு மேடுதான். அதில் உங்கள் எடையைத் தாங்குவது பெருவிரலும் அதன் கீழே இருக்கும் ரப்பரும். அதனால் அடிப்பகுதி வழவழவென்று இருக்கும். ஓட்டச் சப்பாத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தேய்ந்துபோன பழையது மாதிரித் தெரியும். ஆனால் வரிப்பள்ளங்கள் இல்லாததால்தான் ரப்பர் முழுவதும் பிடிமானத்தைத் தொடுகிறது. பியேர் அலேன் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசுக்கு அருகில் உள்ள ஃபோன்தென்புளோ பாறைகளில் 1930களிலேயே இப்படிப்பட்ட காலணிகளைச் செய்து பார்த்தவர். அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதை 'பி.ஏ.' என்றே அழைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியல் நிறுவனம் நன்றாக ஒட்டிப் பிடிக்கும் ரப்பரைக் கொண்டுவந்தது. இன்று கடையில் இருப்பவை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

உள்ளே காலி இடம் இருந்தால் என்ன ஆகும்? கால் வைத்ததும் பாதம் உள்ளே நகரும், முனை மடியும், வழுக்கும். ஆக, அம்மாவின் கட்டைவிரல் சோதனை இங்கே செல்லாது. அதே சமயம், காலி இடம் இல்லாமல் இருப்பது வேறு, விரல்களை நசுக்குவது வேறு. முனையைத் தொட்டபடி விரல்கள் நேராகவோ, கணு மட்டும் லேசாக வளைந்தோ இருந்தால் போதும். கை குலுக்கும்போது உறுதியாகப் பிடிப்பார்களே, அந்த மாதிரி. கை நசுங்கினால் அது குலுக்கல் இல்லை.

வடிவத்தில் மூன்று வகை உண்டு. தட்டையானது, கொஞ்சம் வளைந்தது, அந்தத் தம்பி வாங்கிய கழுகு மூக்கு. மூன்றாவது வகை, தலைக்கு மேலே கூரைபோல் சாயும் சுவர்களில் ஏறுவதற்கு. அங்கே கால்விரலைக் கொக்கிபோல் மாட்டி உடலைச் சுவர்ப்பக்கம் இழுக்க வேண்டும். நேர்ச்சுவரிலும் சரிவான சுவரிலும் அதற்கு வேலையே இல்லை. முதல் ஓராண்டு நம்மில் பெரும்பாலோர் ஏறப்போவது நேர்ச்சுவரில்தான். அதனால் தட்டையானதையே வாங்குங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் போகும் கூடத்தில் மிக நன்றாக ஏறும் ஒரு பெண், உடல் சூடாகும்வரை தட்டைச் சப்பாத்தைத்தான் போட்டிருப்பார். கடினமான ஒரு வழியை முயலும்போது மட்டும் வளைந்ததை மாட்டுவார், இறங்கியதும் கழற்றிவிடுவார். வலியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் புதியவர்கள்தான்!

கயிறு கட்டி உயரச் சுவரில் ஏறுகிறீர்களா, மெத்தைக்கு மேலே தாழ்வான சுவரில் போல்டரிங் செய்கிறீர்களா என்பதும் முக்கியம். போல்டரிங்கில் ஒரு முயற்சி ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இறங்கியதும் கழற்றலாம். அதற்கு வெல்குரோ பட்டை வசதி. கயிற்றில் ஏறும்போது சப்பாத்து நீண்ட நேரம் காலிலேயே இருக்கும். அங்கே இன்னும் கொஞ்சம் தாராளமான அளவு தேவை. புறங்கால் உயரமாக இருப்பவர்களுக்கு நாடா கட்டுவது நல்லது, இடத்துக்கு இடம் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

மேற்பகுதி எதனால் ஆனது என்று கண்டிப்பாகக் கேளுங்கள். உள்துணி வைத்துத் தைக்காத தோல் நாளடைவில் நன்றாகவே நெகிழும், சிலவற்றில் ஓர் அளவு வரைகூட. செயற்கைப் பொருள் அவ்வளவாக நெகிழாது. 'போடப் போடச் சரியாகிவிடும்' என்று விற்பவர் சொன்னால், தோலுக்கு அது ஓரளவு உண்மை. செயற்கைப் பொருளுக்கு, கடையில் என்ன உணர்கிறீர்களோ அதுதான் ஆறு மாதம் கழித்தும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பின்னல் துணி வைத்த மேற்பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது, காற்றுப் போகும்.

ரப்பரைப் பொறுத்தவரை, விலை உயர்ந்தவற்றில் மெல்லியதும் மிருதுவானதுமாக இருக்கும். சுமார் 3.5 மில்லிமீட்டர். தொடக்கநிலைச் சப்பாத்துகளில் நாலிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை தடிப்பு. புதியவர்கள் காலைத் தூக்கி வைப்பதற்குப் பதிலாகச் சுவரில் உரசி இழுப்பார்கள். அதற்கு ஈடுகொடுப்பது தடிப்பான ரப்பர்தான்.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுவதும் நடந்து, நின்று, எம்ஆர்டியில் தொங்கி வந்த பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நாம் பெரும்பாலும் ஏறுவதும் வேலை முடிந்துதான். அன்றாடம் போடும் சப்பாத்தின் அளவு, அல்லது அரை அளவு குறைவாகத் தொடங்குங்கள். ஒரு நிறுவனத்தின் 39 இன்னொன்றின் 39 ஆக இருக்காது, எண்ணை நம்பாதீர்கள். காலுறை இல்லாமல் போட்டு, ஒரு படியின் விளிம்பில் பெருவிரல் முனையால் மட்டும் நில்லுங்கள். எடை முழுவதும் அங்கே வரும்போது கூர்மையாக ஓரிடத்தில் குத்தினால் வேண்டாம். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் பரவாயில்லை. குதிகாலுக்குப் பின்னால் விரலால் அமுக்கிப் பாருங்கள், காற்றுப் பைபோல் அமுங்கக் கூடாது. பத்து நிமிடமாவது காலிலேயே இருக்கட்டும். கடைக்காரர் பொறுமை இழந்தால் கடையை மாற்றுங்கள். 'பெண்களுக்கானது' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஒடுக்கமான பாதத்துக்கானது என்றுதான் பொருள். ஒல்லிப் பாதமுள்ள ஆண்கள் கூச்சப்படாமல் அதையும் போட்டுப் பார்க்கலாம். சிறு வயதிலிருந்து செருப்பிலேயே வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். அவர்கள் ஆண்கள் வரிசையில் தேடுவது நல்லது.

இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளமாக இருந்தால் கணவனை அடக்கி ஆள்வாள் என்று பாட்டிமார் சொல்வார்கள். அது உண்மையோ பொய்யோ, சப்பாத்துக் கடையில் அந்த விரல் தொல்லை கொடுக்கும் என்பது மெய். முனை பெருவிரல் பக்கம் அதிகம் சாய்ந்த வடிவங்களில் இரண்டாம் விரல் போய் முட்டும். ஓரளவு நேரான முனை உள்ளதைத் தேட வேண்டும். அந்த விரலில் நமக்கு மெட்டி வேறு. இறுக்கமான சப்பாத்துக்குள் மெட்டி பக்கத்து விரலை அறுத்துவிடும். ஏறப்போகும் நாளில் நான் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். என் மாமியார் ஒரு வாரம் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டார், விளக்கினேன். "வந்ததும் போட்டுக்கோம்மா" என்றார். மூன்று மணி நேர நேரலையைவிட அந்த இரண்டு நிமிடம் எனக்கு நீளமாக இருந்தது.

பிள்ளைகளுக்கு? வாடகைதான். வளரும் பாதத்தை இறுக்கிக் கட்டக் கூடாது, பெரிதாக வாங்கினால் வழுக்கும். வாரந்தோறும் போகும் பிள்ளை என்றால், பின்பக்கப் பட்டையால் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கக்கூடிய சிறுவர் சப்பாத்துகள் இருக்கின்றன. அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

இன்னொரு செய்தி ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடமிருந்து. மகள் அழைக்கிறாள், போகலாமா, எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது என்றார். நம் குடும்பங்களில் அது எவ்வளவு பரவல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட நாள் நீரிழிவு இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சப்பாத்து கடித்துப் புண்ணானாலும் வலி தெரியாது. 'வலித்தால் கழற்றுங்கள்' என்ற அறிவுரை அவருக்குப் பயன்படாது. முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால், தாராளமான அளவு, மெல்லிய காலுறை, ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் கழற்றிக் கண்ணால் பார்ப்பது. காலுறை போட்டால் கூடத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி விலை. நான் போகும் இடத்தில் சப்பாத்து வாடகை 5 வெள்ளி. 110 வெள்ளிக்கு ஒரு ஜோடி வாங்கினால் 22 தடவை போனால்தான் கணக்குச் சரியாகும். வாரம் ஒரு முறை என்றால் ஐந்து மாதம். அதனால் முதல் நான்கைந்து தடவை வாடகைச் சப்பாத்திலேயே ஏறுங்கள். விளையாட்டுப் பிடிக்கிறதா என்பதோடு, எந்த நிறுவனத்தின் எந்த அளவு உங்கள் பாதத்துக்கு ஒத்து வருகிறது என்பதும் இலவசமாகத் தெரிந்துவிடும். வாங்குவது என்று முடிவானால், டெகாத்லானின் சிமோன் வகையில் 100 வெள்ளிக்குள்ளேயே கிடைக்கும். அதற்கு அடுத்த படியில் லா ஸ்போர்டிவா டரன்டுலா, ஸ்கார்பா ஒரிஜின், பிளாக் டைமண்ட் மொமென்டம் ஆகியவை புதியவர்களுக்கென்றே செய்யப்பட்டவை. நான்கில் எது நல்லது என்று கேட்டால், உங்கள் காலுக்குப் பொருந்துவது. இணையத்தில் மலிவு என்று போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். தெரிந்தவர் பயன்படுத்தியதை வாங்கினால் பெருவிரல் பக்க ரப்பரைத் தடவிப் பாருங்கள். தோல் பழைய காலின் வடிவத்துக்கு நெகிழ்ந்திருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

அந்தத் தம்பிக்குப் பதில் அனுப்பினேன்: இருப்பதை விற்றுவிட்டு, அடுத்த வாரம் 5 வெள்ளிக்கு வாடகை எடுத்து ஏறுங்கள். போனார். கால் வலிக்கவில்லை, கைதான் வலிக்கிறது என்று எழுதியிருந்தார். முதல் மாதத்தில் அது எல்லாருக்கும் உள்ளதுதான்.

வாங்கிய பின் பராமரிப்பு பெரிய வேலை இல்லை. சப்பாத்தோடு கழிவறைக்குப் போகாதீர்கள், அதே ரப்பர்தான் அடுத்தவர் கை வைக்கும் பிடிமானத்திலும் படும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் பசை இளகிவிடும். சலவை இயந்திரம் வேண்டவே வேண்டாம். வியர்வையோடு பைக்குள் அடைத்து வைக்காமல், பழைய நாளிதழைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் காயவிடுங்கள். இந்த இதழைப் படித்து முடித்ததும் அதற்குப் பயன்படுத்தினால் எனக்கு வருத்தமில்லை. வாசனை மட்டும் முழுவதும் போகாது. எங்கள் வீட்டில் என் ஜோடிக்கு வாசலைத் தாண்டி உள்ளே வர அனுமதி கிடையாது.